நாய்க்கும் பெயர் பொறித்த இனத்தின் பெண்களுக்குப் பெயரில்லையா?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கடலையொட்டிக் கிடக்கும் ஊர் பொம்மையார்பாளையம். அவ்வூரின் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கின்றது. புதுச்சேரித் துறைமுகத்திற்கெனக் கடலுக்குள் நீட்டப்பட்ட கற்சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துக்கொண்டன. மணல்வரவு நின்றுபோன வடகரையில், கோட்டக்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை, மீனவர் வீடுகள் அலைக்கு இரையாகி வருகின்றன. அலை வந்து சுவரை இடிக்கும் இரவில் ஏழைக் குடும்பம் ஒன்று எதனைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்? குடும்ப அட்டையை எடுக்கும், மனைத்தாளை எடுக்கும், மூன்றாவதாக ஆணியில் தொங்கும் ஒளிப்படத்தைக் கழற்றும். உப்புக்காற்றில் பாதி அரித்துப்போன படந்தான் அது. ஆயினும் அப்படத்திலுள்ளவர் யாரென அவ்வீட்டுச் சிறுபிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: இவர் எங்கள் பாட்டனார், இவர் கப்பலேறிப் போன பெரிய அத்தை.

அப்படத்திற்குப் பெயர் உண்டு. அதனைக் காக்கக் காப்பகம் இல்லை. காப்பகங்களிலோ தமிழ்ப் பெண்களின் படங்கள் குளிரறைகளில் எண்ணிட்டுக் காக்கப்படுகின்றன. அவற்றில் இருப்போர்க்குப் பெயர் இல்லை! வீட்டுச் சுவரில் பெயர் அழிகின்றது. காப்பகத்தில் முகம் அழியாமல் நிற்கின்றது. இரண்டையும் ஒன்றுசேர்க்க ஒருவரும் முன்வரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிளவில் விழுந்து மறைந்துகொண்டிருப்பது தமிழினத்தின் போர் வரலாறு.

தமிழன் பெயரைப் போற்றத் தெரியாதவனா? கல்லில் பெயரெழுதி நட்டவன் அவன் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். வீழ்ந்த மறவனுக்குக் கல் எடுக்கும் முறையை, கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு துறைகளாக வகுத்து இலக்கணம் செய்தது தொல்காப்பியம். வேறு மொழியினர் சொல்லுக்கு இலக்கணம் கண்டனர். தமிழர் சாவுக்கும் இலக்கணம் கண்டனர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்டவனின் பெயர் தீயன் அந்துவன் என்று இன்றும் சொல்லி நிற்கின்றது. அவன் பேரரசன் அல்லன். பெரும்படைத் தலைவனும் அல்லன். மாட்டுக்காகச் செத்த ஓர் ஊரான். அவனுக்கும் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, எழுதி வைக்க ஒரு கை இருந்தது.

அதனினும் மேலான சான்றொன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கின்றது. அதில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அப்பெயர் அழியவில்லை. நாய் செய்த நன்றிக்கும் பெயர் பொறித்தான் தமிழன்!

பெண்கள் பெயரோ எனின், தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்க. அரசராச சோழன் அக்கோயிற் பணிக்கென நாடெங்கணுமிருந்து வருவித்துக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். நானூற்றுவர் பெயரையும், அவர்கள் எந்தத் தளியிலிருந்து வந்தனர் என்பதையும், எந்தத் தெருவில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தனர் என்பதையும் அவன் கல்லில் வெட்டுவித்தான். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று கூலியும் வரையறுத்தான். அக்கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இல் நீண்டதொரு சுருளாக ஒளிப்படம் எடுத்தவன் சென்னைக் காலாட்படையைச் சேர்ந்த திரைப்பு என்னும் ஆங்கிலப் படைத்தலைவன். தமிழன் தன் மக்கள் பெயரை எப்படிக் காத்தான் என்பதற்கு வெள்ளைப் படைத்தலைவனின் ஒளிப்படப் பெட்டியே சான்று பகர்ந்தது!

அத்தகைய இனத்தின் மகளிர், ஆயிரம் ஆண்டு கழித்துக் கையில் துப்பாக்கி ஏந்திப் போருக்குப் புறப்பட்டனர். அவர்கள் முகங்களையும் ஒளிப்படப் பெட்டி பதிந்து வைத்துள்ளது. பெயர்களைத்தான் காணோம்.

படைத்தலைவியின் படங்கள்

இரண்டாம் உலகப்போரில் இந்தியத் தேசியப் படையின் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் இலக்குமி அம்மையார். அவரது போர்க்கால வாழ்க்கை ஒளிப்படங்களாகவே தொகுக்கப்பட்டுள்ளது. கல்கத்தாவில் 1957-இல் நிறுவப்பட்ட நேதாசி ஆய்வகம், மணிப்பூரில் மொய்ராங்கு அருங்காட்சியகம், சிங்கப்பூர் ஆவணக் காப்பகம், தில்லிச் செங்கோட்டையில் 2019-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் என அப்படையின் வரலாற்றுக்கு இடங்கள் பல உள. அப்படையின் பெண்கள் பிரிவைப் பற்றி எவர் பேசினும் அவர்கள் முதலில் காட்டுவது அம்மையாரின் முகத்தையே.

அம்மையார் 1914 அக்தோபர் 24-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1940-இல் சிங்கப்பூர் சென்று, அங்கே கூலிவேலைக்கு வந்து கிடந்த ஏழைத் தமிழர்க்கு மருத்துவம் பார்த்தார். 1943 சூலைத் திங்களில் சுபாசு சந்திர போசு சிங்கப்பூர் வந்திறங்கினார். பெண்களுக்கெனத் தனிப்படை அமைக்கப்போவதாக அவர் அறிவித்த சில நாளிலேயே, சூலை 12-ஆம் நாள், இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி அவருக்கு அணிவகுப்பு மதிப்பளித்தனர். அவ்விருபதின்மரைத் திரட்டியவர் இலக்குமி. அக்தோபர் 21-இல் அமைந்த விடுதலை இந்திய அரசில் அவர் மகளிர் துறை அமைச்சரானார். மறுநாளே சிங்கப்பூரில் பெண்கள் பாசறை திறக்கப்பட்டது. பின்னர்ப் பர்மா சென்றார். 1945-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1946 மார்ச்சில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டார். கான்பூரில் குடியமர்ந்து முதுமையிலும் ஏழையர்க்கு மருத்துவம் செய்தார். 1998-இல் பதும விபூசண் விருது. 2002-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டி. 2012 சூலை 23-இல் மறைவு.

இவ்வளவும் படங்களாக உள்ளன. சீருடையணிந்து, தொப்பி தரித்து, போசுக்கு அருகில் நடந்து வரும் இளம் படைத்தலைவி ஒரு படத்தில். நரைத்த தலையோடு மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி இன்னொரு படத்தில். அம்மையார் மீது யாதொரு குறையும் சொல்வதற்கில்லை. பெயருக்காகப் பணிசெய்தவர் அல்லர் அவர். 1984-இல் போபாலில் நச்சுக்காற்றுப் பரவியபோதும் மருத்துவக் குழுவோடு ஓடியவர். பெயர் பெறத் தகுந்தவர் பெயர் பெற்றார். அதில் தமிழர்க்கு மகிழ்ச்சியே.

கேள்வி வேறு. போசும் இலக்குமியும் நடந்து வரும் அப்படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவர்கள் எதனைப் பார்வையிட்டு வருகின்றனர்? துப்பாக்கியை நிறுத்திப் பிடித்து, தோளோடு தோள் ஒட்டி, கண்ணிமைக்காமல் நிற்கும் பெண்களின் அணியை. படத்தின் பெரும்பகுதியை நிறைப்பவர் அவர்களே. ஆனால் படத்தின் கீழ் எழுதப்படுவது என்ன? போசு, இலக்குமி, படையணியைப் பார்வையிடுகின்றனர் என்பதே. அந்தப் படையணி என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பெண்கள் புதைக்கப்பட்டுள்ளனர்! இடமிருந்து வலமாக இரண்டாவதாக நிற்பவள் யார்? அவள் எந்தத் தோட்டத்தவள்? அவள் தாய் எந்த ஊரிலிருந்து கப்பலேறினாள்? விடை கூறுவார் இல்லை.

அவர்கள் யார் வீட்டுப் பெண்கள்?

அவர்கள் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் மகளிர். இந்தியத் தேசியப் படையில் மலேயாக் குடிமக்களாக இருந்து சேர்ந்தோருள் பெரும்பாலோர் தமிழர்; பெண்கள் பிரிவிலோ தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே மிகுதி. அவர்களின் பெற்றோரைக் கங்காணிகள் எங்கிருந்து ஆள்பிடித்துக் கொண்டுபோயினர்? தஞ்சையிலிருந்து, திருச்சியிலிருந்து, சேலத்திலிருந்து, வடவார்க்காட்டிலிருந்து, தென்னார்க்காட்டிலிருந்து. அந்தத் தென்னார்க்காட்டில் அடங்கியிருந்தவையே இன்றைய விழுப்புரமும் திண்டிவனமும் பொம்மையார்பாளையமும். நாகப்பட்டினத்தில் ஏறியவரும் சென்னையில் ஏறியவரும் பினாங்கில் இறங்கினர். இரசூலா என்னும் கப்பலின் பெயர் இக்கரையின் பழைய குடும்பங்களில் பலர் கேட்ட பெயர்தான். 1938-இல் இந்திய அரசு மலேயாவுக்குக் கூலியாள் அனுப்புவதற்குத் தடைவிதித்தது. அதற்குள் சென்றவர் சென்றவரே. போர் வந்து கடல்வழி அடைபட்டபோது, தாய்நிலத்தோடு இருந்த ஒரே நூலான மடலும் அறுந்தது.

1942 பிப்பிரவரி 15-இல் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. தோட்டங்களின் வெள்ளைத் துரைகள் முன்னமே ஓடிவிட்டனர். கூலி நின்றது, அரிசி நின்றது. தோட்டத்து ஆண்களைச் சப்பானியர் சயாம்-பர்மா இருப்புப்பாதைக்கு அள்ளிச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்தோபரில் முடிக்கப்பட்டது. அதில் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலான கணிப்பு. அவர்களுள் தமிழர் பல்லாயிரவர். அண்ணனைப் பாதைக்கு வாரிக்கொடுத்து, தந்தையைக் காய்ச்சலுக்கு வாரிக்கொடுத்து, கஞ்சிக்கு வழியற்று நின்ற தோட்டத்துப் பெண்தான் போசின் அழைப்பைக் கேட்டாள். வெறுங்கையோடு சாவதினும் துப்பாக்கியோடு சாவது மேல் என்று எண்ணினாளோ! தான் ஒருநாளும் கண்டிராத நாட்டின் விடுதலைக்காகத் தன் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு சீருடை பூண்டாள். பரணி பாடத்தகும் அம்மறத்தைப் பதிவேட்டில் எழுதவும் ஆளில்லாமற் போயிற்று.

மொத்தம் எத்தனை பேர்? ஆயிரவர் என்பார் சிலர். ஐந்நூறையும் எட்டவில்லை என்று ஆய்ந்தெழுதியவரும் உளர். ஆயிரமா, ஐந்நூறா என்பதே தெரியவில்லை! ஆட்டு மந்தையின் உடையவன்கூட மாலையில் தன் ஆடுகளை எண்ணுவான். நாட்டு விடுதலைக்குப் படை திரண்ட பெண்களை எண்ணி வைக்கவும் இந்த நாட்டிற்குக் கை வரவில்லை.

பெயர் நின்றவர் சிலர் உளர். கோலாலம்பூரைச் சேர்ந்த சானகி ஆதி நாகப்பன் அம்மையார் பெண்கள் பிரிவில் படைத்தலைவி நிலைக்கு உயர்ந்தவர், பின்னாளில் மலேசிய அரசியலில் ஈடுபட்டவர், 2014-இல் மறைந்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் ஈப்போவில் பிறந்த இராசம்மா பூபாலன் அம்மையார் கல்வித்துறையில் பெயர் பெற்றார். இவர்கள் பெயர் ஏன் நின்றது? படித்தவர்கள், தம் கதையைத் தாமே சொல்ல வல்லவர்கள். பால்மரம் வெட்டிய பெண்ணுக்கு எழுதத் தெரியாது. அவளைக் கேட்டு எழுத எவனும் போகவுமில்லை. பர்மாவிலிருந்து பின்வாங்கி வரும் வழியில் சுடப்பட்டு மாண்ட இருவர் பெயர்கள் தெரிய வருகின்றன: இசுடெல்லா, சோசபின். ஞானத் தந்தை சூட்டிய இப்பெயர்களுக்கு முன்னோ பின்னோ தந்தை பெயரும் இல்லை, ஊரும் இல்லை. மாட்டுக்காகச் செத்த தீயன் அந்துவனுக்கு இருந்த ஊர், நாட்டுக்காகச் செத்த இவர்களுக்கு இல்லை!

படையின் பெயரும் படையின் மொழியும்

அவர்கள் பெயர் மறைந்தது மட்டுமன்று. அவர்கள் படைக்கு வைத்த பெயரும் அவர்களுடையது அன்று. சான்சி அரசியின் பெயர் சூட்டப்பட்டது. அவ்வரசி வீரத்தாய்; அதில் ஐயமில்லை. அவர் வாளெடுத்தது 1857, 58-ஆம் ஆண்டுகளில். அதற்கும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகட்கு முன்னே, 1780-இல், இழந்த சிவகங்கைச் சீமையை மீட்டு அரியணை ஏறியவர் வேலுநாச்சியார். தமிழ்ப் பெண்கள் நிரம்பிய படைக்குத் தமிழரசியின் பெயர் ஒருவர் நினைவிலும் தோன்றவில்லை. ஏன்? வடக்கின் வரலாறே இந்திய வரலாறு, தெற்கின் வரலாறு வட்டார வரலாறு என்னும் நோய் அன்றே முற்றியிருந்தது.

மொழியும் அவ்வாறே. அவ்வரசின் பொதுமொழி உரோமன் எழுத்தில் எழுதிய இந்துசுதானி. தோட்டத்துப் பெண் தன் தாய்மொழியில் வணங்கவுமில்லை. தன் தாய்மொழியில் திரும்பவும் நிற்கவும் கட்டளை பெறவுமில்லை. போசின் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. தாயகத்தில் அதற்கு ஐந்தாண்டுகட்கு முன்னர்த்தான் கட்டாய இந்திக்கு எதிராகத் தமிழர் சிறை புகுந்திருந்தனர். 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் ஈந்திருந்தனர். அவ்விருவர் பெயரும் இன்றுவரை நிற்கின்றன. ஏன் நிற்கின்றன? தமிழர் இயக்கம் அப்பெயர்களைத் தன் கையாலேயே எழுதி வைத்தது. சென்னையில் மாளிகைக்கும் பெயராக வைத்தது. நாம் எழுதிய பெயர் நின்றது; பிறர் எழுதுவர் என்று விட்ட பெயர் அழிந்தது. இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

மூன்று மறுப்புகள்

மறுப்புரை கூறுவார் மூவர் வருவர்.

முதலாமவர் கூறுவார்: படையின் ஆவணங்கள் ஆங்கிலேயர் கையில் சிக்காதிருக்க எரிக்கப்பட்டன, பெயர்ப்பட்டியல் இல்லையெனில் யார் என் செய்வது? அப்படியாயின் எஞ்சிய ஒளிப்படங்களே பெயர்ப்பட்டியல் அன்றோ? ஏடு எரிந்துபோன வீட்டில் முகமே ஏடு. உயிரோடு இருந்த காலத்தில் அப்படங்களை மலேயாத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் கொண்டுபோய், இவர் யார் என்று கேட்டிருந்தால் பாதிப் பெயர்கள் வந்திருக்கும். 1943-இல் பதினாறு அகவையினளாக இருந்தவள் இன்று நூறை நெருங்குவாள். எண்பது ஆண்டு வாளாவிருந்துவிட்டு எரிந்த ஏட்டின் மேல் பழி போடுவது சோம்பேறியின் வழக்காடல்.

இரண்டாமவர் கூறுவார்: தலைவியைப் போற்றினால் படை முழுவதையும் போற்றியதாகாதா? ஆகாது. கலம் ஓட்டியவனுக்குக் கொடுத்த கூலி துடுப்பு வலித்தவனின் வயிற்றை நிரப்பாது. 1972-இல் நடுவணரசு விடுதலைப் போராட்ட ஈகியர்க்கு ஓய்வூதியம் வகுத்தபோது என்ன கேட்டது? சிறைச்சான்று கேட்டது, உடனிருந்தோர் சான்று கேட்டது, எழுத்து கேட்டது. பெயர் எங்கும் எழுதப்படாதவள் எந்த எழுத்தைக் காட்டுவாள்? படத்திலுள்ள முகம் என் முகந்தான் என்று அவள் சொன்னால், முகத்தின் கீழ்ப் பெயரில்லையே என்று எழுத்தர் சொல்லமாட்டாரா? பெயரின்மை உணர்ச்சிச் செய்தி அன்று. அது கஞ்சிச் செய்தி.

மூன்றாமவர்தாம் ஆரவாரக்காரர். அவர்கள் இந்தியராகப் போராடினர், தமிழரென்று பிரித்துக் காட்டுவது குறுகிய நெஞ்சம் என்பார். அவருக்கு ஒன்று சொல்வோம். 1945 நவம்பரில் செங்கோட்டையில் மன்றேறிய படைத்தலைவர் மூவர்: சா நவாசு கான், பிரேம் குமார் சேகல், குர்பக்சு சிங் தில்லான். ஒருவர் இசுலாமியர், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர் என்று அன்று நாடே பெருமையோடு எண்ணிக் காட்டியது. இன்றும் பாடநூல்கள் எண்ணிக் காட்டுகின்றன. பஞ்சாபின் மூன்று சமயங்களை எண்ணினால் அது ஒற்றுமை! தமிழன் தன் மகளிரை எண்ணினால் அது குறுகிய நெஞ்சமா? எண்ணத் தக்கவர் வடக்கர், எண்ணிக்கையில் கரைந்து போகத் தக்கவர் தமிழர் என்னும் இந்த அளவுகோலைத்தான் தனித்தமிழியக்கம் உடைக்க எழுந்தது.

பகைவன் காட்டிய பாடம்

வெள்ளையனைப் பாருங்கள். நம்மை அடிமை கொண்டவன். ஆயினும் தன் இனத்தானின் பெயரை அவன் விட்டுவிடவில்லை. அதே சயாம் இருப்புப்பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னீராயிரவருக்கு மேற்பட்டோர். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், பெயர் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் பொறித்த பலகை, வெட்டிவிட்ட புல், நட்டுவைத்த பூ. இலண்டனில் படை அருங்காட்சியகத்தில் இந்தியாவில் பணிபுரிந்த வெள்ளைப் படைத்தலைவர்களின் ஒளிப்படத் தொகுதிகள் அடுக்கடுக்காய்க் காக்கப்படுகின்றன. அவன் குதிரைமேல் இருந்தது, புலி வேட்டையாடியது, பதக்கம் பெற்றது எல்லாம் அவற்றுள் உண்டு. அவன் குதிரையைப் பிடித்து நிற்கும் தமிழனோ, பெரும்பாலும் பெயரற்ற வேலைக்காரன். அவ்வருகே மாண்ட பல்லாயிரம் தமிழர்க்கோ அவ்வாறு பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை.

பிறன் நினைவை அழிக்கவும் அவனுக்குத் தெரியும். இந்தியத் தேசியப் படையின் பெயரறியா வீரர்க்கென 1945 சூலை 8-இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் போசு நினைவுக்கல் நாட்டினார். செப்தம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் முதல் வேலையாக அதனைத் தகர்த்தனர். கல் எவ்வளவு ஆற்றலுடையது என்பதை நம்மினும் நன்கு அறிந்தவன் பகைவன்!

ஆனால் செய்ய முடியாததா இது? அன்று. 2023 மே முதல் நாளில், தொழிலாளர் நாளில், காஞ்சனபுரியில் சயாம் மரண இருப்புப்பாதைத் தமிழர்க்கு நடுகல் நாட்டப்பட்டது. தாய்லாந்துத் தமிழர் முயன்றனர். தமிழ்நாட்டரசும் பொருளுதவி செய்தது. எண்பதாண்டுக் கடன் ஒரு கல்லால் தீராது. எனினும் கல் எழுந்தது. கல் எழுப்பியோர் வாழ்க. அடுத்து வேண்டுவது கல்லில் எழுதப் பெயர்கள்.

செய்ய வேண்டுவது

பெயர்கள் எங்குள்ளன? நம் வீட்டுச் சுவர்களில் உள்ளன. தகரப் பெட்டிகளில் உள்ளன. எண்பது அகவை கடந்த மூதாட்டியரின் நாவில் உள்ளன. மலேயாவிலிருந்து வந்த ஒரு மடல், ஒளிப்பட நிலையத்தில் நின்றெடுத்த ஒரு படம், சீருடையில் நிற்கும் ஓர் இளம்பெண், பின்னால் மங்கிய எழுத்தில் ஒரு தோட்டத்தின் பெயர்: இவையே நமக்கு எஞ்சிய செப்பேடுகள்.

பொம்மையார்பாளையத்துக்குத் தெற்கே, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களையும் குடும்பப் படங்களையும் தேடித் தொகுத்து மின்படிகளாக்கியது. அதற்குப் பொருளுதவியது இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் திட்டம். நல்ல பணி, நன்றி உரித்து. ஆயினும் நம் பாட்டியின் முகத்தைக் காக்கப் பாரிசின் பெயரும் இலண்டனின் பணமும் வேண்டியிருக்கின்றதே! எழும்பூரில் 1909-லேயே கட்டடம் எழுந்த தமிழ்நாடு ஆவணக் காப்பகம் நமக்கில்லையா? அங்கே அயலகத் தமிழர் ஒளிப்படப் பிரிவு ஒன்று திறக்கட்டும். கல்கத்தாவிலும் தில்லியிலும் சிங்கப்பூரிலும் உள்ள படைப்படங்களின் படிகளை அரசு கேட்டுப் பெறட்டும். அவற்றைத் தென்னார்க்காட்டிலும் தஞ்சையிலும் சேலத்திலும் ஊர்ப் பள்ளிகளில் காட்சிக்கு வைக்கட்டும். ஒவ்வொரு முகத்தின் கீழும் வெற்றிடம் விட்டு, இவர் யார் எனத் தமிழில் கேட்கட்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் அவ்வாறே கேட்கட்டும். ஒரு பெயர் வந்தால் ஒரு வெற்றி. நூறு பெயர் வந்தால் ஒரு வரலாறு.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டா. கரையோரச் சிற்றூர்களின் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணாக்கரிடம் ஒரு வேலை கொடுக்கலாம். வீட்டிலுள்ள பழைய படத்தைக் கழற்று, பெரியவரைக் கேள், படத்தின் பின்புறம் கரிக்கோலால் மெல்ல எழுது. மை ஊறி முகத்தைக் கெடுக்கும். ஆகவே மையால் எழுதாதே. பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஊர், சென்ற நாடு, சென்ற ஆண்டு ஆகிய ஆறும் போதும். தொல்காப்பியன் நடுகல்லுக்கு வகுத்த துறைகளும் ஆறே! பின்னர் அப்படத்திற்கு மின்படி எடுத்து ஊர் நூலகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று வைக்கலாம். செலவு சிறிது, சோம்பல் ஒன்றே பெரிது.

பொம்மபுர ஆதீனம் தன் பெயரைப் பெற்றது இவ்வூரால். அவ்வாதீனம் 1938-இல் மயிலத்தில் தமிழ்க் கல்லூரி கண்டது. இலக்குமி மருத்துவப் பட்டம் பெற்ற ஆண்டும் அதுவே. மலேயாவுக்குக் கூலிக்கப்பல் தடைப்பட்ட ஆண்டும் அதுவே. இந்தியை எதிர்த்துத் தமிழர் சிறை புகத் தொடங்கிய ஆண்டும் அதுவே. இத்தகைய மண்ணில் தமிழ் கற்றோர்க்குக் குறைவில்லை. நன்னூலுக்கு உரை சொல்ல வல்லோர், ஒரு மூதாட்டியின் பெயரைக் கேட்டெழுத மாட்டாரோ? ஓலைச்சுவடிகளை வெள்ளத்திலிருந்தும் கரையானிலிருந்தும் மீட்டவர் தமிழ்ப் புலவர். இன்றைய சுவடி ஒளிப்படம். இன்றைய கரையான் உப்புக்காற்று. இன்றைய வெள்ளம் பொம்மையார்பாளையத்துக் கடல்.

அடுத்த பருவமழையில் அலை மீண்டும் எழும். ஒரு சுவர் விழும். சுவரோடு ஆணி விழும். ஆணியோடு படம் விழும். அப்படத்திலிருப்பவளின் முகம், கல்கத்தாவில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் பெயரின்றி நிற்பவளின் முகமாகவும் இருக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒருவனும் இல்லாமற் போனால், அவளை இரண்டாம் முறை கொன்றவர் சப்பானியரும் அல்லர்; ஆங்கிலேயரும் அல்லர்; வடவரும் அல்லர். நாமே!

நாய்க்கும் பெயர் பொறித்த இனமே! உன் மகளின் பெயர் என்ன? கடல் வருமுன் கேள், கேட்டு எழுது!